ஒன்றரை அங்குலம்

ஆய்வேட்டு அலுவலகத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஒன்றரை என்றுதான் சொல்வார்கள். அவள் காதில் விழாமல்தான். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் வெள்ளையாக விட வேண்டும். விடாவிட்டால் பைண்டிங் செய்யும்போது எழுத்து தையலுக்குள் போய்விடும். அந்த ஒன்றரை அங்குலத்தை இரும்பு ஸ்கேல் வைத்துப் பக்கம் பக்கமாக அளப்பது அவள் வேலை. மயிரிழை குறைந்தாலும் முந்நூறு பக்கத்தையும் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். துப்பாக்கிச் சண்டை பார்த்த மேஜர்கள் அவள் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் நாலு வருடம் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் படுகிற பாட்டில் கொஞ்சத்தை அவர்களும் படட்டுமே என்றுதான் தோன்றும்.

அது ராணுவ அதிகாரிகள் முதுகலைப் பட்டம் படிக்க வருகிற கல்லூரி. சீருடைக்காரர்களும் பேராசிரியர்களும் அரசாங்கத்து ஆட்கள். மற்றபடி ஆய்வேடு சரிபார்க்க, வகுப்பு அட்டவணை போட, பேராசிரியருக்கு விமான டிக்கெட் எடுக்க, நூலகத்தில் புத்தகம் அடுக்க, கணினியைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய, எல்லாவற்றுக்கும் ஒப்பந்த ஆட்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை டெண்டர் விடுவார்கள். எந்தக் கம்பெனி ஜெயிக்கிறதோ அதுதான் எங்களுக்கு அடுத்த மூன்று வருடத்துக்கு அப்பா, அம்மா. நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் நீல நாடா. எங்களுக்கு ஆரஞ்சு நாடா, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று. போனை எடுத்தால் முதலில், "ஆய்வேட்டு அலுவலகம், ஒப்பந்தப் பணியாளர் பேசுறேன்" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் வாயைத் திறந்தாலும் அப்படித்தான். எங்களை அரசாங்க ஆள் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதாம். நினைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. நீல நாடாக்காரர் ஆரஞ்சு நாடாவுக்கு நேராக உத்தரவு போடக் கூடாது. போட்டால் நாங்கள் அவருடைய ஆள் என்று ஆகிவிடும், நாளைக்குக் கோர்ட்டில் உரிமை கேட்போம். உத்தரவு கம்பெனி மேற்பார்வையாளர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த மேற்பார்வையாளர் வேறு ஊரில் ஒரு போன் நம்பராக இருந்தார். ஆகவே எங்கள் ஒருங்கிணைப்பாளர், நீல நாடா, நல்ல மனுஷன், நாங்கள் இருக்கிற திசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து ஆசைப்படுவார். "இந்தக் கமாண்டரோட ஆய்வேடு நாளைக்குள்ள முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்." உடனே ஒன்றரை ஸ்கேலை எடுப்பாள். ஜன்னலுக்கு வரம் கிடைத்துவிடும்.

ஒப்பந்தம் மாறுகிற நாளை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன், அவள் ஐந்து தடவை பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை வாசல் காவலர் பாஸை வாங்கி எங்கள் கண்ணெதிரே அரைக்கிற மெஷினில் போடுவார். பாதுகாப்பு விதி அது. திங்கட்கிழமை காலை புதுக் கம்பெனியின் நியமனக் கடிதம், புதுப் பாஸ், அதே ஆரஞ்சு நாடா, அதே நாற்காலி. கடிதத்தில் பணியில் சேர்ந்த நாள் என்று அந்தத் திங்கட்கிழமை இருக்கும். பதினெட்டு வருடத்தில் ஆறு தடவை அவள் புதிதாகப் பிறந்தாள். ஒரு தடவைகூட மூன்று வயதைத் தாண்டவில்லை.

நான் சேர்ந்த அன்று அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன படிச்சிருக்க?" என்பது. தபால் வழியில் எம்.ஏ. முடித்திருந்ததைச் சொன்னேன். அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்.ஏ.வா? அப்போ பக்கத்துக்கு நம்பர் இருக்கான்னு பாக்கத் தெரியும்ல?"

அன்றிலிருந்து என் பெயர் எம்.ஏ. "ஏம்மா எம்.ஏ., தண்ணி கேன் காலியா இருக்கு." "எம்.ஏ., ஸ்டேப்ளர் முள் எங்க?" ஒரு தடவை அவள் பார்த்து விட்ட ஆய்வேட்டில் இரண்டு பக்கத்துக்கு ஒரே எண் இருந்தது. மேலே அனுப்பும் முன்பே கமாண்டர் அதைக் கண்டுபிடித்து வந்து கத்தியபோது, "புது எம்.ஏ. பாத்ததுங்க சார், அதான்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டபோது, "பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர் வேணும், நீ எதுக்கு?" என்றாள். புருஷனைப் பிரிந்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள் நான். சம்பளம் நின்றால் அண்ணி ஒரு வார்த்தை பேச மாட்டாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

முதல் வருடம் அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய பதிவேடுகளை அழிக்கும் முறை வந்தது. குறிப்பிட்ட வருடம் தாண்டிய காகிதத்தை வைத்திருக்கக் கூடாது. அதை என் தலையில் கட்டினாள். இரண்டு நாள் அரைக்கிற மெஷின் முன்னால் நின்றேன். காகிதத் தூசி தொண்டையில் ஏறி ஒரு வாரம் இருமினேன். அந்தப் பதிவேடுகள் எல்லாமே அவள் கையெழுத்து. எந்த அதிகாரி என்றைக்கு ஆய்வேடு கொடுத்தார், என்றைக்குத் திருப்பினோம், ஓரத்தில் அவளுடைய சின்னச் சுருக்கக் கையெழுத்து. எனக்கு முந்தைய பதினான்கு வருடம் முழுக்க அப்படி இருந்தது. ஆரம்ப வருடங்களில் எழுத்து உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல இருக்கும். போகப் போகச் சாய்ந்து கூர்மையாகிவிட்டது. நின்று நின்று படித்தேன், வேறு பொழுதுபோக்கு இல்லை.

அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றால் அது அவள் புருஷன் விஷயம். வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் வேலையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கம்பெனி கொடுக்கிற மருத்துவ அட்டையை வைத்து வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரை வீட்டுக்கு வரவழைத்தாள். மடங்கிக் கிடந்த வலது கை ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, கரண்டி பிடிக்கிற அளவுக்கு வந்திருந்தது. பயிற்சியை விட்டால் மறுபடி மடங்கிவிடும், அப்புறம் விரியாது என்று பயிற்சி சொல்லித்தருகிறவர் சொல்லியிருந்தார். அட்டை இருக்கும் வரைக்கும் கை. வேலை இருக்கும் வரைக்கும் அட்டை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "கரண்டிய அவரே பிடிச்சாரா?" என்று கேட்பாள். பிடித்தார் என்றால் அன்று பிற்பகல் எனக்கும் நிம்மதி.

இனி நன்றியுரைக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆய்வேட்டின் முன்னாலும் அதிகாரிகள் நன்றி சொல்லி ஒரு பக்கம் எழுதுவார்கள். வழிகாட்டிப் பேராசிரியர், மனைவி, பிள்ளைகள், ஒருவர் தன் நாய்க்கு எழுதினார், இன்னொருவர் காபி மெஷினுக்கு. பாதிப் பேர் இவளுக்கும் எழுதுவார்கள். என்ன திட்டினாலும் அவள் பார்த்த ஆய்வேடு ஒன்றுகூட மேலே போய்த் திரும்பி வந்ததில்லை, அது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கையேட்டில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தப் பணியாளரின் பெயர் கல்லூரி வெளியீடு எதிலும் வரக் கூடாது. அந்த விதியை மற்ற அலுவலகங்களில் ஒரு நாயும் சீண்டவில்லை. இவள் மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கேப்டன் மல்லுக்கு நின்றது நினைவிருக்கிறது.

"அம்மா, நீங்க இல்லன்னா நான் இதை முடிச்சிருக்கவே மாட்டேன். உங்க பேரு இருக்கட்டும்."

"எடுத்துடுங்க சார்."

"யார் கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன். ஓரத்துக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதியா?"

ஸ்கேலை வைத்துத் தன் பெயர் மேல் சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தாள். இழுப்பதற்கு முன்னால் ஒரு நொடி அந்தப் பெயரைப் படித்தாள். அதை நான் பார்த்தேன். அவளுக்கு அது தேவாமிர்தமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடியே தனக்குப் போதும் என்று நினைத்திருப்பாள் போல. முட்டாள்.

ஆறாவது ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது செய்தி கசிந்தது. அடுத்த டெண்டரில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஓர் இடம்தான். ஆய்வேட்டின் ஓரத்தைக் கணினியே பார்த்துவிடுமாம், மிச்சத்துக்கு ஓர் ஆள் போதுமாம். அன்று முழுக்க அவள் என்னை எம்.ஏ. என்று கூப்பிடவில்லை.

அந்த வாரம் ஒருங்கிணைப்பாளர் எங்கள் அறைக்கு வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"இந்த அலுவலகத்துல என்னென்ன வேலை நடக்குது, அதுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு யாராவது ஒரு தாள்ல எழுதி என் மேசை மேல வச்சிருந்தா நல்லா இருக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் எழுதினதுன்னு மட்டும் தெரியவே கூடாது" என்றும் ஜன்னலிடம் சொன்னார்.

டெண்டரில் போடுகிற வேலை விவரத்தை, அந்த வேலையில் இருக்கிற ஒப்பந்த ஆளே எழுதுவது பெரிய குற்றம். ஆனால் நீல நாடாக்காரர் ஒருவருக்கும் எங்கள் வேலை என்னவென்று தெரியாது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு டெண்டருக்கும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கான கயிற்றை நாங்களே திரித்து அவர் மேசையில் வைப்போம், அவர் அளந்து பார்த்துக்கொள்வார்.

மூன்று நாள் எழுதினாள். வாய்க்குள்ளே முணுமுணுத்து, அழித்து, மறுபடி தட்டி. பிரிண்டரில் வந்த தாளை அவளுக்கு முந்தி நான் எடுத்துவிட்டேன். வேலைகள் இரண்டு பக்கம். எனக்கே தெரியாத வேலையெல்லாம் இருந்தது. கடைசியில் தகுதி என்று ஒரே வரி: இதே கல்லூரியின் ஆய்வேட்டு அலுவலகத்தில் பத்து வருடத்துக்குக் குறையாத அனுபவம், எழுத்துச் சான்றுடன்.

எனக்கு நாலு வருடம். கணக்கு போட எம்.ஏ. தேவையில்லை.

"இந்த வரி எதுக்குக்கா?"

"மேல கேட்டாங்க."

"யாரும் கேக்கல. நீங்களா போட்டிருக்கீங்க."

தாளை என் கையிலிருந்து பிடுங்கவில்லை. நிதானமாக வாங்கி ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"ஆமா, நான்தான் போட்டேன். நீ சின்னப் பொண்ணு, படிச்சவ, எங்க போனாலும் பொழச்சுக்குவ. எனக்கு வீட்டுல ஒரு ஆளு இப்பதான் கரண்டி பிடிக்குறாரு. உனக்காக நான் அந்தக் கைய விட முடியாது."

"எனக்கும் பிள்ளை இருக்குக்கா."

"இருக்கட்டும். உன் பிள்ளைக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு."

இதைச் சொல்லிவிட்டுத் தாளைக் கொண்டுபோய் ஒருங்கிணைப்பாளர் மேசையில் வைத்தாள். திரும்பி வந்து, "எம்.ஏ., தண்ணி கேன்" என்றாள். நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கேன் அவள் தலையில் விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேதான் தூக்கினேன்.

டெண்டர் வெளியானபோது அவள் வரி அப்படியே இருந்தது. ஆனால் அதன் வாலில் ஐந்து வார்த்தை கூடியிருந்தது: அல்லது அதற்கு இணையான முதுகலைப் பட்டம். ஒப்பந்தப் பிரிவில் எல்லா டெண்டருக்கும் எல்லாத் தகுதிக்கும் இந்த வாலை ஒட்டுவார்கள். தோட்டக்காரன் வேலைக்கும் ஒட்டுவார்கள். அவள் எழுதுகிற ஆளே தவிர, அச்சாகி வருவதை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. அன்று அந்த வாலை அவள் இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு வருடத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல. அனுபவம்தான முதல்ல இருக்கு. பட்டம் அப்புறம்தான்" என்றாள்.

புதுக் கம்பெனியின் ஆள் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சத்தம் போடாத, கோபப்படாத, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற ஆள். அந்த மாதிரி ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவளை உட்காரவைத்து, "எழுத்துச் சான்று கொடுங்க மேடம்" என்றார்.

அவள் ஆறு நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அவர் பொறுமையாகப் புரட்டினார். ஆறு கம்பெனியில் நாலு இன்று இல்லை. கடிதங்களில் அலுவலக உதவியாளர் என்று இருந்தது. எந்த இடத்தில் வேலை என்று ஒன்றிலும் இல்லை. ராணுவ இடம், கடிதத்தில் போட மாட்டார்கள்.

"இப்ப இருக்கிற கம்பெனி மட்டும் தனியா ஒரு சான்று இடத்தோட எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல மூணு வருஷம்தான் இருக்கு."

"நான் பதினெட்டு வருஷமா இங்கதாங்க இருக்கேன். யார வேணாலும் கேளுங்க."

"நான் நம்புறேன் மேடம். ஆனா காகிதம் வேணும். சான்று வேணும்னு டெண்டர்லயே போட்டிருக்காங்களே. யாரோ ரொம்ப யோசிச்சு எழுதியிருக்காங்க."

அந்த யாரோ அவர் எதிரில் உட்கார்ந்து கர்ச்சீப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் எழுதினேன், எனக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் டெண்டரே ரத்தாகும், ஒருங்கிணைப்பாளருக்கும் வேலை போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் விரலால் தட்டி, தானே பிரிண்ட் எடுத்துக் கெட்டாள்.

கம்பெனிக்காரர் மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினாள். அவர் முதல் தடவையாக ஜன்னலை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் எப்படிம்மா எழுதித் தர முடியும்? இவங்க எங்ககிட்ட பதினெட்டு வருஷம் வேலை செஞ்சாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, நீங்க எங்க ஆளுன்னு ஆயிடும். சட்டப் பிரிவு என்னைத் தூக்கிடும்."

"சார், நீங்க வந்த அன்னிக்கு உங்களுக்கு உங்க சீட்டக் காட்டினதே நான்தான்."

"தெரியும்மா. ஞாபகம் இருக்கு. எழுத முடியாது."

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, "கூட வா" என்றாள். உத்தரவு போடத்தான் அவளுக்குத் தெரியும், கெஞ்சத் தெரியாது. நான் போனேன். உதவி செய்யப் போனேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பதினெட்டு வருடத்து ஆய்வேடுகள் நீல அட்டையில் வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் கை பட்டவை. நன்றியுரையில் எங்காவது ஓர் இடத்தில் தன் பெயர் தப்பித்திருக்காதா என்று பார்க்க வந்திருக்கிறாள். ஏணியில் நான் ஏறி எடுத்துக் கொடுக்க, அவள் நின்றபடியே புரட்டினாள். பேராசிரியர், மனைவி, மாமனார், நாய். அடுத்தது. தங்கை, நண்பர்கள், கடவுள். அடுத்தது. சில பக்கங்களில் இரண்டு வரிக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், ஒரு வரியை எடுத்துவிட்டது தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டுப் போகும். காபி மெஷினின் பெயர்கூட இருந்தது. இவள் வேலையில் சுத்தக்காரி, ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு, "எம்.ஏ., இங்க பாரு" என்றாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆய்வேடு. கடைசி வரியில் இருந்தது: என்னை ஐந்து தடவை திருப்பி அனுப்பிய ஒன்றரை அங்குல அம்மாவுக்கு.

"ஒன்றரை அங்குல அம்மான்னா யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் அதை அறியாதவள் அவள் ஒருத்திதான்.

"நீங்கதான்கா. எல்லாரும் உங்கள அப்படித்தான் சொல்லுவாங்க."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "என்னைத்தான் எழுதியிருக்கான்" என்றாள். "பாத்தியா, இங்க இருக்கேன்." அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். முழங்கால் வலிக்காரி, அன்று இரண்டு இரண்டு படியாக ஏறினாள்.

கம்பெனிக்காரர் வரியைப் படித்தார். மரியாதையாகப் புத்தகத்தை மூடினார்.

"இதுல பேர் இல்லையே மேடம்."

"நான்தாங்க அது. இவளக் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். யோசித்தார். உண்மையிலேயே அவளுக்கு உதவத்தான் நினைத்தார் என்று இப்போதும் நம்புகிறேன்.

"ஒரு வழி இருக்கு. கூட வேலை செய்யிற ஒப்பந்த ஆள் யாராவது, இவங்க பத்து வருஷத்துக்கு மேல இங்க இருக்கிறது எனக்குத் தெரியும்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் எடுத்துக்குவேன். நீங்க எழுதுறீங்களா?"

கேட்டுவிட்டு என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். இரண்டு வரி. என் பட்டத்தின் நகல் ஏற்கெனவே அவர் கோப்பில் இருந்தது. தாளில் நான் எழுதினால் அனுபவம் முதலில், பட்டம் அப்புறம். எழுதாவிட்டால் பட்டம் மட்டும்தான்.

"நான் வந்து நாலு வருஷம் ஆச்சு சார்" என்றேன். "அதுக்கு முன்னாடி எனக்கு எதுவும் தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"ஏம்மா, அந்தப் பழைய பதிவேடெல்லாம் நீதான கிழிச்ச? என் கையெழுத்துப் பாத்திருப்பல்ல? வருஷம் போட்டிருக்குமே."

"நான் எதையும் படிச்சுப் பாக்கலக்கா. மெஷின்ல போடச் சொன்னீங்க, போட்டேன்."

என் தொண்டையில் அன்றைய தூசி இன்னும் இருப்பது போல இருந்தது. இருமினேன். கம்பெனிக்காரர் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நான் மூடியைத் திறந்து குடித்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

கடைசி வெள்ளிக்கிழமை அவளை வாசல் வரை கொண்டுபோய் விட நான் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்த ஆள் தனியாக நடக்கக் கூடாது, கூட ஒரு பாஸ் வேண்டும், என்னுடையதை அதற்குப் பிறகுதான் அரைப்பார்கள். கேக் வெட்டலாமா என்று ஒருங்கிணைப்பாளர் ஜன்னலிடம் கேட்டுப் பார்த்தார். வேலை நேரத்தில் ஒப்பந்த ஆளுக்கு வழியனுப்பு விழா கூடாது என்று அதற்கும் விதி இருந்தது. காவலர் பாஸை மெஷினில் போட்டார். அது கரகரவென்று உள்ளே போனது. பிறகு அவள் பையைச் சோதித்து இரும்பு ஸ்கேலை வெளியே எடுத்தார்.

"இதுக்கு அவுட்பாஸ் இருக்கா?"

"என்னோடதுங்க. முதல் மாசம் நானே கடையில வாங்கினது."

"ரசீது?"

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுக்கு ரசீதா?"

"அப்ப விட முடியாது."

அவள் வாதாடவில்லை. விதிக்கு மேல் அவளுக்கு என்றைக்கும் பேச்சு கிடையாது. ஸ்கேலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். "போறேன்" என்றாள், "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கணினி ஓரத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. படமும் அட்டவணையும் வந்தால் கோட்டைவிட்டுவிடும். ஆகவே நான் ஸ்கேலை வைத்து அளக்கிறேன். மேஜர்கள் என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கும் ஏதாவது ஒரு பட்டப்பெயர் இருக்கும், என் காதில் விழவில்லை. நன்றியுரையில் என் பெயரை எழுதுகிறார்கள். நான் அடிப்பதில்லை. விட்டுவிடுகிறேன். இதுவரை நாற்பத்தொரு ஆய்வேட்டில் இருக்கிறேன். பக்க எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மகளின் பள்ளிக்கு ஒரு மருத்துவச் சான்று வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனேன். இலவசச் சிகிச்சை வரிசையில் ஒரு சக்கர நாற்காலியும் அதன் பின்னால் அவளும் நின்றார்கள். பார்க்காதது போலப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"எம்.ஏ." என்று கூப்பிட்டாள்.

போனேன். அவருடைய வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் போய்விட்டன. நகம் குத்திப் புண்ணாகாமல் இருக்க ஒரு துணிச்சுருளை உள்ளே வைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் இங்கே முறை வருகிறதாம். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். வாயோரம் வழிந்ததை அவள் துடைத்தாள்.

"ஓரம் பாக்குறியா?"

"பாக்குறேன்கா."

"உன் பேரு எழுதுறாங்களா?"

"எழுதுறாங்க."

"அடிக்கிறியா?"

"இல்லக்கா."

தலையை ஆட்டினாள். அவர் விரலுக்குள் இருந்த துணிச்சுருளைச் சரிசெய்தாள்.

"அன்னிக்கு அந்தத் தாள நீ எழுதாதது சரிதான். உன் இடத்துல நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்" என்றாள்.

என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், நாலு வருடத்துப் பாக்கி என்னிடம் நிறைய இருந்தது. நீயும் என்னைப் போலத்தான் என்று சொல்லிவிட்டு நிற்கிறவளை என்ன செய்வது? வரிசை நகர்ந்தது. சக்கர நாற்காலியின் பிரேக் கம்பி இறுகிக்கொண்டு அவளால் எடுக்க முடியவில்லை. நான் குனிந்து எடுத்துவிட்டேன். அவள் தள்ளிக்கொண்டு போனாள்.